முதுமையும் ஞாபகசக்தியும்

வயது முதிர்ந்தால் ஞாபகம் தளரும் என்பது யாவரும் கூறுவது. நம் சங்கங்களிலும் இப்பேச்சு அடிக்கடி எழுகிறது. "பெரியவருக்கு மறதி வந்துவிட்டது, அவரை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்?" என்று சொல்லி, அறுபதைக் கடந்த அங்கத்தினரைப் புதிய மாதிரிகளிலிருந்தும் பயிற்சி வகுப்புகளிலிருந்தும் விலக்கி வைத்துவிடுகிறோம். இது பெரும்பாலும் அன்பினால் செய்யப்படுவதே. ஆயினும் இதனால் அவருக்கும் சங்கத்துக்கும் உண்டாகும் நஷ்டம் சிறிதன்று. எனவே, நோயற்ற முதியவர்களின் ஞாபகத்தைப் பற்றி நாம் சிறிது தெரிந்துகொள்ளுதல் நலம்.

முதலாவதாக, ஞாபகம் என்பது ஒரே பொருளன்று. பல ஆண்டுகள் பழகிய கைத்திறன் ஒருவகை. தொழிலறிவும் சொல்லறிவும் மற்றொரு வகை. நேற்று யார் வந்தார், கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பன போன்ற அன்றாட நிகழ்ச்சிகளை நினைத்தல் மூன்றாம் வகை. செய்ய வேண்டியதை உரிய வேளையில் நினைத்துச் செய்தல் நான்காம் வகை. முதுமையில் முதலிரண்டும் பெரும்பாலும் உறுதியாக நிற்கின்றன. பின்னிரண்டுமே சற்றுத் தளர்கின்றன. கார், பிசானம் ஆகிய இரு பருவங்களின் பக்குவத்தையும் பிசகின்றிச் சொல்லும் ஒரு விவசாயி, மகன் காலையில் சொல்லியனுப்பிய செய்தியை மாலையில் மறந்துபோகலாம். பின்னதைக் கண்டு முன்னதையும் இல்லையென்று எண்ணுவது தவறு.

தளரும் பகுதியை வலுப்படுத்த வழியுண்டா? இதனை அறிய அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெனிஸ் பார்க் என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும் ஒரு சோதனை நடத்தி, 2014-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். 60 முதல் 90 வயது வரையுள்ள 221 பேர் அதில் பங்குபெற்றனர். சிலர் துணித்துண்டுகளைப் பொருத்திப் போர்வை தைக்கும் கலையையும், சிலர் டிஜிட்டல் காமிராவால் படமெடுத்துக் கணிப்பொறியில் திருத்தும் கலையையும், சிலர் இரண்டையும் புதிதாகக் கற்றனர். வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம் வீதம் மூன்று மாதம் இது நடந்தது. வேறு சிலர் கூடிப் பேசிப் பொழுதுபோக்கினர். இன்னும் சிலர் பாட்டுக் கேட்பது போன்ற எளிய காரியங்களில் ஈடுபட்டனர். முடிவில், புதிய கலை பயின்றவர்களின் நிகழ்ச்சி ஞாபகம் மற்றவர்களுடையதைவிட மேம்பட்டிருந்தது. முன்பின் அறியாத நுணுக்கங்கள் மிகுந்த படக்கலையைப் பயின்றவரிடமே இப்பலன் தெளிவாகத் தெரிந்தது.

இதில் நாம் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. கையில் வேலை இருப்பது மட்டும் போதாது; அவ்வேலையில் புதுமையும் சற்றுச் சிரமமும் இருத்தல் வேண்டும். பழகிய வேலையைக் கை தானே செய்துவிடும். புதிய வேலையிலோ, அடுத்த படியை மனத்தில் நிறுத்தி, பிழையைக் கண்டு, திருத்த வேண்டியிருக்கிறது.

நம் ஜில்லாவிலேயே இதற்கு ஏற்ற தொழில் ஒன்று உள்ளது. சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள பத்தமடையில், தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையை ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, பட்டுப்போல் மடங்கும் பாய் நெய்கிறார்கள். நெய்வோரில் பெரும்பாலார் பெண்கள். மணமக்களின் பெயர் பொறித்த கல்யாணப் பாய் அவ்வூரின் சிறப்பு. ஒவ்வொரு திருமணத்துக்கும் பெயர் வேறாதலால், எழுத்தின் வளைவு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். கோடுபோட்ட சாதாரணப் பாயை மட்டும் முதியவர்களுக்குக் கொடுத்து, பெயர்ப் பாயை இளையவர்களுக்கே ஒதுக்கினால், கருத்துக்கு வேலை தரும் பகுதியை நாமே அவர்களிடமிருந்து பறித்தவர்களாவோம்.

முதுமையில் புதிதாக ஆக்க இயலுமா என்று ஐயுறுவோர் டாக்டர் உ. வே. சாமிநாதையரை நினைத்துப் பார்க்கலாம். ஏடு தேடி நம் ஆழ்வார்திருநகரிக்கும் வந்த அப்பெரியார், 1940-ஆம் ஆண்டில், 85 வயது நிறைவுறும் தறுவாயில், ஆனந்த விகடனில் தம் சரித்திரத்தை எழுதத் தொடங்கினார். 1942-இல் மறையும்வரை எழுதினார். இளமையில் கண்ட ஊர்களும் மனிதர்களும் அதில் உயிருடன் உலவுகின்றனர். அவர் தமக்கு வந்த கடிதங்களையெல்லாம் சேமித்து வைத்திருந்தவர் என்பதும் நமக்குப் பாடமாகும். நல்ல ஞாபகமுடையவரும் எழுத்தின் துணையை இகழ்வதில்லை.

ஆகவே சங்கங்கள் மூன்று காரியங்களைச் செய்யலாம். ஒன்று, புதிய மாதிரியோ புதிய நெல் ரகமோ வரும்போது பயிற்சியில் முதியவர்களுக்கும் இடம் தருதல்; கற்க அவர்களுக்குச் சற்று அதிக நேரம் வேண்டும், அவ்வளவே. இரண்டு, ஓர் இளைஞரையும் ஒரு முதியவரையும் சேர்த்துப் புதிய மாதிரி ஒன்றை அமைக்கச் செய்தல். மூன்று, கடன் தவணைத் தேதியை ஞாபகத்துக்கு விட்டுவிடாமல், பாஸ் புத்தகத்தின் முகப்பில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தல். தணிக்கையில் தவணை தவறியவர் பட்டியலைப் பார்க்கையில், அதில் மனமில்லாதவரும் இருப்பர், மறந்தவரும் இருப்பர். மறந்தவருக்கு வேண்டியது அபராத வட்டியன்று, ஒரு நினைவூட்டு.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். மேற்கூறியவை நோயற்ற முதுமைக்கே பொருந்தும். பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பது, நெடுநாள் செய்த வேலையின் முறையே மறந்துபோவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது ஆகியவை தோன்றினால் அது வெறும் மறதியன்று. வீட்டார் தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

மற்றபடி, வயதைக் காரணம் காட்டி எவரையும் தறியிலிருந்தோ வயலிலிருந்தோ யோசனையிலிருந்தோ விலக்க வேண்டுவதில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் புதிய வேலை பங்கிடும்போது, மூத்த அங்கத்தினரையும் அழைத்து, "தாங்கள் இதை எப்படிச் செய்வீர்கள்?" என்று கேளுங்கள்.