அக்கறை வசவாக மாறும் இடம்

சென்னை அருகே ஆவடி பகுதியில் உள்ள முத்தாபுதுப்பேட்டையிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கிறது திருமுல்லைவாயல். 2024 ஏப்ரல் 28 அன்று அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காவது மாடியிலிருந்து தவறி விழுந்த கைக்குழந்தை, கீழே இருந்த கூரைத் தகட்டின் விளிம்பில் தங்கியது. குடியிருப்புவாசிகள் போர்வையை விரித்துப் பிடித்து நிற்க, சிலர் முதல்மாடி ஜன்னல் வழியே ஏறிக் குழந்தையை மீட்டார்கள். அந்தக் காணொளி நாடெங்கும் பரவியது.

குழந்தை பிழைத்தது. தாயின் மீது வசவு தொடங்கியது. பிள்ளை வளர்க்கத் தெரியாதவள் என்று முகம் தெரியாதவர்கள் எழுதித் தள்ளினார்கள். அடுத்த மாதமே, கோவை மாவட்டத்தில் பெற்றோர் வீட்டில் இருந்தபோது, அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. ஆனால் மனம் நொந்திருந்த ஒருவர் மீது அத்தனை பேர் ஏறி மிதித்தார்கள் என்பதை மறைக்க முடியாது.

எழுதியவர்கள் ரவுடிகள் அல்லர். பலர் நம் வீட்டுக் குடும்ப குரூப்பில் இருப்பவர்களைப் போன்றவர்கள். குழந்தை மேல் அக்கறை, அதனால் கோபம் என்றே நம்பியிருப்பார்கள். இணைய வன்மத்தில் என்னைப் பயமுறுத்துவது இதுதான்: செய்பவருக்கு அது வன்மமாகவே தெரிவதில்லை.

ஏன் இப்படி ஆகிறது? எதிரில் ஆள் இல்லை, அவர் முகம் வாடுவது தெரியவில்லை என்றால் நாக்கின் கட்டு அவிழ்ந்துவிடும் என்று உளவியலாளர் ஜான் சூலர் 2004-இல் விளக்கினார். இன்னொரு காரணம், பயம். கவனமான தாய்க்கும் கை நழுவும் என்று ஒப்புக்கொண்டால் அது நமக்கும் நடக்கலாம். அவள்மேல் தப்பு என்று சொல்லிவிட்டால் நம் வீடு பத்திரம். இந்த மனப்போக்கை மெல்வின் லெர்னர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்தார். மூன்றாவது, செயலிகளின் கணக்கு. ட்விட்டர் பதிவுகளில் அறமும் உணர்ச்சியும் கலந்த சொல் ஒவ்வொன்று கூடும்போதும் பகிர்வு சுமார் 20 சதவீதம் உயர்வதாக 2017-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. பொறுமையாகப் பேசுபவர் அங்கே காணாமல் போகிறார்.

சட்டம் ஓரளவுக்குத்தான் வரும். இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கருத்துரிமைக்கு அது சரியான தீர்ப்பு. ஆகவே ஒவ்வொரு சுடுசொல்லும் குற்றமாகாது. மிரட்டல், பெண்ணை இணையத்தில் பின்தொடர்தல், ஆபாசமாக மாற்றிய படம் ஆகியவை குற்றம். முத்தாபுதுப்பேட்டைக்காரர்கள் உள்ளூர்க் காவல் நிலையத்திலோ ஆவடி ஆணையரகத்தின் சைபர் குற்றப் பிரிவிலோ புகார் தரலாம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். 1930 என்ற சைபர் உதவி எண் முக்கியமாகப் பண மோசடிக்கானது. புகாரைத் தள்ளிப்போடக் கூடாது. 2016-இல் சேலம் அருகே, மார்பிங் செய்த படங்களால் ஓர் இளம்பெண் உயிரை விட்டார். குடும்பம் முன்பே புகார் கொடுத்திருந்தும் நடவடிக்கை தாமதமானது.

வசவு உங்கள் வீட்டுக்கே வந்தால், பிளாக் செய்யும் முன், பதிவு, கணக்கின் முகவரி, தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பதில் எழுத வேண்டாம். அது பதிவை இன்னும் பலர் கண்ணில் காட்டும். கமென்ட்டுகளை வாசிக்கும் வேலையைப் பாதிக்கப்பட்டவரிடம் விடாமல் வீட்டில் ஒருவர் வாங்கிக்கொள்ள வேண்டும். பள்ளிப் பிள்ளை என்றால் போனைப் பிடுங்காதீர்கள். அடுத்த முறை சொல்லாமல் மறைத்துவிடும். பிள்ளைகள் 1098 உதவி எண்ணில் பேசலாம். மனம் தாங்காதபோது பெரியவர்களுக்கு 104, 14416 எண்களில் தமிழிலேயே பேச ஆள் உண்டு.

தெரிந்தவர் ஒருவர் இப்படிச் சிக்கினால் போன் செய்யுங்கள். என்ன நடந்தது என்று கேட்க வேண்டாம். சாப்பிட்டீங்களா, நான் வரட்டுமா என்று கேளுங்கள்.