மோர் குடித்தால் புகையிலை நஞ்சு முறியுமா?

கேரளத்தில் உள்ள கல்பாத்தி அக்ரஹாரத்தில் மோர் விட்டுக்கொள்ளாமல் யாரும் இலையை விட்டு எழுந்திருப்பதில்லை. எழுந்ததும் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து, ஒரு கிள்ளு புகையிலையும் சேர்த்துப் போடும் பெரியவர்களும் உண்டு. மோரிலும் புரோபயாடிக் மாத்திரையிலும் இருக்கும் நல்ல பாக்டீரியா அந்தப் புகையிலையின் கெடுதலை முறித்துவிடாதா? நியாயமான கேள்விதான். ஆனால் அப்படி நம்ப இன்று ஆதாரம் இல்லை.

புகையிலையில் பாக்டீரியா நமக்கு எதிராகத்தான் வேலை செய்கிறது. செடி மண்ணிலிருந்து உறிஞ்சிய நைட்ரேட் இலையில் தங்குகிறது. இலையைப் பதப்படுத்தி ஊறவிடும்போது சிலவகை பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நிக்கோடின் வகைப் பொருள்களும் சேர்ந்தால் நைட்ரோசமைன்கள் பிறக்கின்றன. வாய்ப்புற்றுக்குப் பெரிய காரணம் இவை. ஸ்வீடனில் ஸ்னூஸ் என்னும் வாய்ப்புகையிலையைச் சூடாக்கிக் கிருமியைக் கொன்றே விற்கிறார்கள்; அதில் நைட்ரோசமைன் குறைவு, இல்லாமல் போவதில்லை.

நம் செல்லத்தில் பாக்கும் இருக்கிறது. பாக்கு மட்டுமே தனியாகப் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் அறிவித்தது. அதிலுள்ள அரிகோலின் கன்னத்தின் உட்புறத்தை நார்நாராக இறுக்கிவிடும். போகப்போக வாயே திறக்காது. கடைவாயில் வெகுநேரம் அடக்கிய புகையிலையின் நஞ்சு சதைக்குள் இறங்கியபின், நொடியில் தொண்டையைத் தாண்டும் மோர் என்ன செய்ய முடியும்?

புரோபயாடிக் கைகொடுத்த இடம் வேறு. தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் வாயெல்லாம் வெந்து புண்ணாகி, தண்ணீர்கூட இறங்காது. தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 200 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2012-ல் வெளியானது. லாக்டோபேசில்லஸ் பிரெவிஸ் சிடி2 என்ற பாக்டீரியா கலந்த மிட்டாயைச் சப்பியவர்களில் 52 சதவீதத்தினருக்குக் கடுமையான புண் வந்தது. பாக்டீரியா இல்லாத மிட்டாயைச் சப்பியவர்களில் 77 சதவீதத்தினருக்கு. அந்த வேதனையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தின் அருமை தெரியும். ஆனாலும் இது நோய் வந்தபின், சிகிச்சையின் துன்பத்தைக் குறைக்கும் வழி. மருத்துவர் சொல்லாமல் இதை வாங்கிச் சப்பக்கூடாது.

உயிரைக் காத்ததாக நிரூபணமான வழி நம் கேரளத்திலேயே கிடைத்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று வாயைத் திறந்து பார்த்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

வெற்றிலை போடும் பெரியவர் வீட்டில் இருந்தால், கைப்பேசி விளக்கைப் பிடித்துக் கன்னத்தின் உள்பக்கத்தையும் நாக்கின் அடியையும் பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், மூன்று விரல் நுழையாத வாய், இதில் எது இருந்தாலும் பல் மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும். பழக்கத்தை விட உதவும் தேசிய இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356.