பறக்கும் தட்டுக்கு ஒரு பதிவேடு

மர்மத்தைத் தேடி வருபவர்களை வேலைக்காகத் தங்க வைப்பது எப்படி? வானத்து அதிசயங்களை ஆராயும் தன்னார்வக் குழுக்களின் நிரந்தரத் தலைவலி இதுதான்.

திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் சாலையில், சந்திரகிரியைத் தாண்டிச் சற்றுத் தொலைவில் இருக்கிறது காதங்கி. மேகமில்லாத இரவுகளில் இங்கிருந்து பச்சை நிற ஒளிக்கற்றை ஒன்று செங்குத்தாக வானில் ஏறும். மாலை ஐந்தரை மணிவாக்கில் கிளம்பும் வெள்ளை பலூன், உயரே போகப் போக உப்பி, சாயும் சூரியனின் ஒளிபட்டு மின்னும். ஏழுமலையானைத் தரிசித்துவிட்டு பஸ்ஸில் ஊர் திரும்பும் யாத்ரிகர் ஜன்னல் வழியே இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? பக்தி உள்ளவர் கும்பிடுவார். சினிமா பார்ப்பவர், வேற்றுக்கிரகவாசி வந்துவிட்டான் என்பார்.

விளக்கம் சாதாரணமானது. காதங்கியில் இருப்பது தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம். 1992-ல் ராடார் மையமாகத் தொடங்கி, 2005-ல் இந்தப் பெயர் பெற்றது. 1,024 ஆன்டெனாக்கள் கொண்ட அதன் ராடார், காற்று மண்டலத்தின் மேலடுக்குகளைத் துருவுகிறது. பச்சை ஒளி, 1998-ல் ஜப்பானிய ஒத்துழைப்புடன் நிறுவப்பட்ட லிடார் கருவியின் லேசர். பலூன், வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காற்றையும் அளக்கப் போகிறது. கிழக்கே, நேர்கோட்டில் 100 கி.மீ.க்கும் சற்று அதிகமான தூரத்தில் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளம். 2022-ல் சித்தூர், நெல்லூர் மாவட்டங்களைப் பிரித்துத் திருப்பதி மாவட்டம் உருவானபோது அதுவும் புதிய மாவட்டத்துக்குள் வந்தது. அந்தியில் கிளம்பும் ராக்கெட்டின் புகை, தரையில் இருள் கவிந்த பிறகும் மேலே வெயில்பட்டு வண்ணம் காட்டும்.

"பறக்கும் தட்டைப் பார்த்தேன்" என்று சொல்ல இதைவிட வசதியான வட்டாரம் நாட்டில் அதிகம் இருக்காது. ஆகவே அத்தகைய காட்சிகளை ஆராயும் தன்னார்வக் குழுவுக்கும் இது பொருத்தமான இடம். ஆரம்பிப்பதில் சிரமம் இல்லை. முதல் கூட்டத்துக்கு ஹால் நிரம்பும். ஆறாவது கூட்டத்தில் செயலாளரும் பொருளாளரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆபத்துதான் அதிகம்.

இந்த ஆபத்து புதியதல்ல என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. 1956-ல் வாஷிங்டனில் தொடங்கப்பட்ட 'நிகாப்' அமைப்புக்கு, அறுபதுகளின் நடுவில் சுமார் 14,000 உறுப்பினர்கள். அதன் தலைவர் டொனால்ட் கீஹோ, அரசு உண்மையை மறைக்கிறது, பாராளுமன்ற விசாரணை வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் முழங்கினார். 1969-ல் வெளியான காண்டன் அறிக்கை, பறக்கும் தட்டுகளை ஆராய்வதில் விஞ்ஞானத்துக்குப் பெரிய லாபமில்லை என்றது. உறுப்பினர்கள் கரைந்தார்கள். அதே ஆண்டு கீஹோ பதவி இழந்தார். 1980-ல் அமைப்பு மூடப்பட்டது. ஒரே ஒரு பெரிய அறிவிப்புக்காகக் காத்திருந்தவர்களுக்கு அது வராது என்று தெரிந்தபின் அங்கே வேலை இல்லை.

'ஆப்ரோ' கதை வேறு. 1952-ல் லாரென்சன் தம்பதி தொடங்கிய அந்தக் குழு அவர்களைச் சுற்றியே இயங்கியது. கணவர் 1986-லும் மனைவி 1988-லும் இறந்தபின், குழுவும் முடிந்தது. சேர்த்து வைத்த கோப்புகள் வெகுகாலம் தனியார் வீட்டில் முடங்கின.

அதிலிருந்து பிரிந்தவர்கள் 1969-ல் தொடங்கிய 'மியூஃபான்' இன்றும் நடக்கிறது. அதன் ரகசியம் கையேடும் பரீட்சையும். கள ஆய்வாளர் ஆக விரும்பும் உறுப்பினர் பாடம் படித்துத் தேர்வு எழுத வேண்டும். பிறகு அவர் வட்டாரத்துப் புகார்கள் அவரிடம் வரும். வேற்றுக்கிரக ஆசை அதன் முடிவுகளில் தலைதூக்குகிறது என்று விஞ்ஞானிகள் குறை சொல்வதுண்டு. ஆனால் உறுப்பினருக்குக் கையில் வேலை கொடுத்த விதத்தில் அது மற்றவற்றை மிஞ்சியது.

சிக்கலின் வேர் கணக்கில் இருக்கிறது. 1947 முதல் 1969 வரை அமெரிக்க விமானப்படை சேகரித்த 12,618 சம்பவங்களில் விளக்கம் கிடைக்காதவை 701 மட்டுமே. அதாவது நூற்றுக்குச் சுமார் ஆறு. வேற்றுக்கிரகத்தவரைச் சந்திக்க வரும் உறுப்பினருக்கு நூற்றில் தொண்ணூற்று நாலு தடவை கிடைப்பது நட்சத்திரம், விமானம், பலூன். இந்திய ராணுவத்துக்கே இந்த அனுபவம் உண்டு. லடாக் எல்லையில் ஆறு மாதங்களில் 329 முறை தென்பட்டு, சீன உளவு விமானங்களோ என்று சந்தேகிக்கப்பட்டவை, வெள்ளியும் வியாழனும்தான் என்று வானியலாளர்கள் கண்டறிந்ததாக 2013-ல் செய்தி வந்தது. விடை தெரிந்ததை ஏமாற்றமாக எண்ணும் குழு கலைந்துபோகும். அதையே வெற்றியாக எண்ணும் குழுவுக்கு ஆயுள் அதிகம்.

பிரான்ஸ் இதை முறையாகவே செய்கிறது. அதன் விண்வெளி நிறுவனம் 1977-ல் இதற்கென ஒரு பிரிவைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் சாட்சிகளை நேரில் போய் விசாரிக்கிறார்கள். நன்கு விளங்கியது, அநேகமாக விளங்கியது, தகவல் போதாதது, விசாரித்தும் விளங்காதது என்று நான்கு ரகம். நான்காவது ரகம் மிகச் சிறியது. ஆனால் மற்ற மூன்றும் ஒழுங்காகப் பிரிக்கப்பட்டால்தான் நான்காவதற்கு மதிப்பு.

இதெல்லாம் பொழுதுபோக்குதானே என்று ஒதுக்க முடியாது. 2002-ல் உத்தரப் பிரதேசத்தில் 'முஹ்நோச்வா' என்ற பெயரில், முகத்தைக் கீறும் மர்ம ஒளி வருவதாகப் பீதி பரவியது. மக்கள் இரவெல்லாம் காவல் காத்தார்கள். கலவரம் மூண்டு, உயிரிழப்பு வரை போயிற்று. 2022 டிசம்பரில் தெலங்கானாவின் விகாராபாத் மாவட்டக் கிராமம் ஒன்றில் விசித்திரமான கூண்டு வந்து இறங்கியபோது ஊரே திரண்டது. ஹைதராபாத் பலூன் தளத்திலிருந்து ஸ்பானிய நிறுவனம் ஒன்றுக்காகச் செலுத்தப்பட்ட சோதனைக் கலம் அது என்று தெரிந்ததும் கூட்டம் சிரித்துக் கலைந்தது. சரியான விடை சீக்கிரம் வந்ததா என்பதே இரண்டுக்கும் வித்தியாசம். உள்ளூரில் அந்த விடையைத் தேடிச் சொல்ல யாராவது இருக்க வேண்டும்.

சித்தூர் வட்டாரத்தில் அந்த வேலைக்குத் தேவைப்படுவது பெரிய பணம் அல்ல. முதலில் ஒரு படிவம், தெலுங்கிலும் தமிழிலும். இங்கே சாட்சி எந்த மொழியில் பேசுவார் என்று சொல்ல முடியாது. நாள், நேரம், திசை, நீடித்த நிமிடங்கள், உயரம். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் வானத்தில் அது ஏறக்குறைய 10 டிகிரி. அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி என்று கேட்டால் படிக்காதவரும் சொல்லிவிடுவார். சாட்சியின் பெயர் வெளியே போகக்கூடாது. சாமி தந்த ஜோதி என்று நம்புபவரிடம் வாதாடவும் கூடாது. கேலிக்குப் பயந்து ஒருவர் வாயை மூடினால் பத்து தகவல்கள் போய்விடும்.

அடுத்து, ஆளுக்கொரு பொறுப்பு. ஒருவர் ராக்கெட் ஏவும் அட்டவணை. ஒருவர் செயற்கைக்கோள்கள், 2019-க்குப் பிறகு ரயில் பெட்டிகள்போல வரிசையாகச் செல்லும் ஸ்டார்லிங்க் விளக்குகள் இவர் பாடு. ஒருவர் கிரகங்கள், ஒருவர் விமானங்கள், ஒருவர் பலூன். புகார் வந்தால் ஐந்து பேரும் தங்கள் பகுதியைச் சரிபார்த்து ஒரு பக்கம் எழுத வேண்டும். பதிவேட்டுக்கு இரண்டு பிரதிகள், இரண்டு வீடுகளில். தலைவர் பதவி இரண்டு ஆண்டுக்கு மேல் ஒருவரிடம் இருக்கக்கூடாது. ஆப்ரோவின் கதி போதும்.

புகாரே வராத மாதங்கள்தான் குழுவைக் கொல்பவை. அமாவாசையை ஒட்டிய இரவில் வானம் பார்ப்பது அதற்கு மருந்து. டிசம்பர் 13, 14 தேதிகளில் ஜெமினிட் எரிகற்களை எண்ணிச் சர்வதேச எரிகல் அமைப்புக்கு அனுப்பலாம். அமெச்சூர்களின் கணக்கை அது ஏற்கிறது. வானத்தை வழக்கமாகப் பார்ப்பவருக்குத்தான் வழக்கத்துக்கு மாறானது கண்ணில் படும்.

இந்தப் பொறுமைக்கு அடையாளமான ஒரு கருவி, சித்தூரின் தெற்கே, தமிழக எல்லைக்குள் ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்துக்கு வந்து சேர்ந்தது. ஆறு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான அந்தத் தொலைநோக்கி, வங்காளத்து யசோஹர் கருவூல ஊழியர் ராதா கோபிந்த சந்திராவுக்கு, 1926-ல் அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கம் தந்தது. 1911-ல் தன்னார்வலர்களைக் கொண்டு தொடங்கிய சங்கம் அது, இன்றும் நடக்கிறது. மெட்ரிகுலேஷன் தேறாத சந்திரா, 1919 முதல் 1954 வரை அதற்கு அனுப்பிய அவதானிப்புகள் 37,000-க்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை, இன்றைக்கு இந்த நட்சத்திரம் இவ்வளவு பிரகாசம் என்ற ஒற்றை வரி. வயதான பிறகு, அந்தத் தொலைநோக்கியை இளம் வானியலாளர் வைணு பாப்புவிடம் ஒப்படைத்தார்.