பழைய பேரேடுகளைக் கணினியில் ஏற்றுதல்

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் 63,000 சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29ஆம் நாள் ஒப்புதல் அளித்தது, மதிப்பீடு ரூ. 2,516 கோடி. இத்தகைய மாற்றத்தில் கடினமான கட்டம், பழைய கணக்குகளை ஏற்றுவதே. தொண்டூர், செஞ்சிப் பகுதியில் நெல்லும் மணிலாவும் பயிரிடுவோரின் கடன் நிலுவை அதனைப் பொறுத்தே அமையும்.

கட்டளை முறையில் அமைந்த மென்பொருளில் 'வரவைப் பதிக' என்பது ஒரு கட்டளை. அது அங்கத்தினர் எண்ணையும் தொகையையும் சோதித்து, தரவுத்தளம் என்னும் மின்பேரேட்டில் ஒரு வரி எழுதும். அன்றாட அலுவலுக்கு இது போதும். பல்லாயிரம் வரிகளுக்கும் தனித்தனியே கட்டளையிடுவது, ஒவ்வொரு ரூபாய்க்கும் இரும்புப் பெட்டியைத் திறந்து பூட்டுவதை ஒக்கும். சோதனையின்றி நேரே கொட்டுவதோ, எண்ணாமல் பணம் வாங்குவதாகும்.

ஆகவே, வரிகளைத் தொகுப்புகளாக்கி, ஒவ்வொரு தொகுப்பையும் ஒரே கட்டளையாக இடவேண்டும். முதலில் எல்லா வரிகளையும் சோதித்தல். பின்னர் ஒருசேர எழுதுதல். இடையில் மின்சாரம் நின்றால் எழுதியதையும் நீக்கி முன்னிலைக்குத் திரும்புதல். தொகுப்பிற்கு எண்ணிட்டு இருமுறை ஏறாது தடுத்தல். ஆகிய நான்கும் இன்றியமையாதவை. பாதித் தொகுப்பு விடுபட்டால், கட்டிய தவணை மறைந்துபோம். இருமுறை ஏறினால், வாங்காத கடன் தலைமேல் நிற்கும்.

ஏற்றம் முடிந்ததும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் கைப்புத்தகத்தையும் இரசீதுகளையும் கொணர்ந்து, புதிய கணக்குடன் ஒப்பிட்டுப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.