பியானோ பயின்ற நிழற்படக் கலைஞர்

மலைகளையும் அருவிகளையும் கறுப்பு வெள்ளை நிழற்படங்களாக்கிப் புகழ்பெற்றவர் ஆன்சல் ஆடம்ஸ். இவர் 1902ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். இளமையில் இவர் ஆக விரும்பியது பியானோ கலைஞராகவே. 12ஆம் வயதில் தொடங்கிய இசைப்பயிற்சி நாள்தோறும் பல மணி நேரம் நடந்தது.

1916ஆம் ஆண்டு பெற்றோருடன் யோசெமிட்டி பள்ளத்தாக்கிற்குச் சென்றபோது, எளிய பெட்டிக் கேமரா ஒன்று அவர் கைக்கு வந்தது. அதன்பின் பல ஆண்டுகள் இரு கலைகளும் அவரை இருபுறமும் இழுத்தன. 1930ஆம் ஆண்டளவில்தான் நிழற்படமே தம் தொழில் என்று துணிந்தார். அதுவரை பியானோவுக்குச் செலவிட்ட உழைப்பு வீண்தானோ என்று தோன்றலாம். அவருடைய இருட்டறைக்குள் நுழைந்து பார்த்தால் அந்த ஐயம் நீங்கும்.

அக்காலக் கேமராவில் முதலில் பதிவது நெகடிவ். அதில் ஒளிமிக்க இடம் கருமையாகவும் நிழல் வெளிறியும் தோன்றும். அதன் வழியே தாளின்மீது ஒளியைச் செலுத்தினால் உண்மையான படம் கிடைக்கும். நெகடிவை இசைக்குறிப்புக்கும், தாளில் அச்சிடும் படத்தை அக்குறிப்பை வாசித்துக் காட்டுவதற்கும் ஆடம்ஸ் ஒப்பிட்டார். குறிப்பு ஒன்றே, ஆயினும் வாசிப்பவர் ஓரிடத்தில் மென்மையும் ஓரிடத்தில் அழுத்தமும் கூட்டுவார். ஆடம்ஸும் அவ்வாறே செய்தார். ஒளி தாளில் விழும்போது கையாலோ அட்டையாலோ ஒரு பகுதியை மறைப்பார், அப்பகுதி வெளிச்சமாகும். வேறொரு பகுதியில் கூடுதலாக ஒளி விழச் செய்வார், அது கருக்கும்.

1941ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூர் வழியே அவர் காரில் சென்றார். கீழ்வானில் நிலவு எழுந்திருந்தது. கல்லறைச் சிலுவைகளின்மேல் மாலை வெயிலின் கடைசிக் கதிர்கள் படர்ந்திருந்தன. அவசரத்தில் ஒளிமானி அகப்படவில்லை. நிலவின் ஒளியளவு அவருக்கு நினைவில் இருந்தது. அதைக் கொண்டே கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படத்திற்கு ஆயத்தமாவதற்குள் சிலுவைகளின்மேல் இருந்த வெயில் மறைந்துவிட்டது.

கிடைத்தது ஒரே நெகடிவ். அதிலிருந்து ஏறத்தாழ 40 ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை அச்சிட்டார். தொடக்கத்தில் அச்சிட்டவற்றில் நிலவுக்கு மேலுள்ள வானில் மெல்லிய மேகக் கீற்றுகள் தெரியும். பிற்காலத்தில் அச்சிட்டவற்றிலோ அவ்வானம் முழுவதும் காரிருளாக இருக்கும்.