காஃபிர் முதல் காப்பிலி வரை

இஸ்லாத்தை ஏற்காதவர் என்பதுதான் அரபியில் 'காஃபிர்' என்பதற்குப் பொருள். நம்பிக்கையைப் பற்றிய சொல். தோலின் நிறத்துக்கு அதில் வேலையே இல்லை. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் வாணிபம் செய்த முஸ்லிம்கள், தங்கள் மார்க்கத்தில் சேராத உள்நாட்டு மக்களை அப்படி அழைத்தார்கள். கலிமா சொல்லி இஸ்லாத்தில் சேர்ந்துவிட்டால் அந்தப் பெயர் போய்விடும்.

அந்தக் கரைக்கு வந்த போர்த்துக்கீசியர் அதையே 'காஃப்ரே' என்று எடுத்துக்கொண்டார்கள். அரபிகளின் கணக்கில் போர்த்துக்கீசியரும் காஃபிர்களே. ஆனாலும் அவர்கள் வாயில் அது கறுப்பர்களுக்கு மட்டுமான பெயராயிற்று. மதம் உதிர்ந்தது, நிறம் ஒட்டிக்கொண்டது.

பிறகு டச்சுக்காரர்கள், ஆங்கிலேயர்கள். தென்னாப்பிரிக்காவில் கோசா மக்களின் நிலத்தில் ஒரு பகுதிக்கு 1847இல் ஆங்கிலேயர் 'பிரிட்டிஷ் காஃப்ரேரியா' என்றே பெயரிட்டார்கள். அந்த மக்களிடமிருந்து நிலத்தைப் பறிக்க நடந்த போர்களையும் அதே சொல்லால் குறித்தார்கள். கோசா இனத்தவரான டியோ சோகா 1856இல் ஸ்காட்லாந்தில் போதகராக அபிஷேகம் பெற்று ஊர் திரும்பினார். 'மோட்சப் பிரயாணம்' என்ற கிறிஸ்தவ நூலைக் கோசா மொழியில் பெயர்த்தார். ஆனால் எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றாலும் அந்த இனத்தாரின் பெயர் மாறவில்லை. விசுவாசியாகிவிட்டவரையும் அவிசுவாசி என்றே அழைக்க முடிந்தது என்றால், அங்கே மதம் ஒரு சாக்காகக்கூட மிஞ்சவில்லை. 1948இல் நிறவெறி அரசு வந்தபின் அது கறுப்பர்களைச் சிறுமைப்படுத்தும் வசையாகவே புழங்கியது.

இன்று தென்னாப்பிரிக்காவில் அந்தச் சொல்லை முழுதாக எழுதவே தயங்குகிறார்கள், 'கே-சொல்' என்கிறார்கள். தனக்கு உதவ வந்த கறுப்பினக் காவலர்களை அந்தச் சொல்லால் திரும்பத் திரும்பத் திட்டிய வெள்ளையினப் பெண் ஒருவருக்கு 2018இல் சிறைத்தண்டனையே கிடைத்தது. தாவரங்களுக்கும் விடுதலை வந்திருக்கிறது. நம் கல்யாண முருங்கைக்கு உறவான ஆப்பிரிக்க மரம் ஒன்றின் அறிவியல் பெயரில் 'காஃப்ரா' இருந்தது. 2024இல் மாட்ரிட்டில் கூடிய தாவரவியல் மாநாடு, அத்தகைய இருநூற்றுக்கும் மேற்பட்ட பெயர்களை 'ஆஃப்ரா' என மாற்ற வாக்களித்தது.

இலங்கையில் நிலைமை வேறு. போர்த்துக்கீசியரும் பின்வந்தவர்களும் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள் புத்தளம் அருகே சிரம்பையடியில் வாழ்கிறார்கள். பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். 'மஞ்ஞா' என்ற பாட்டும் ஆட்டமும் அவர்களுடையவை. 'காஃபிர்' என்பதை அவர்கள் தங்கள் இனப்பெயராகவே சொல்லிக்கொள்கிறார்கள். ஆய்வாளர்கள் சிலர் 'ஆப்பிரிக்க இலங்கையர்' என்று எழுதுகிறார்கள். எந்தப் பெயர் நிலைக்க வேண்டும் என்பதை அந்த மக்கள்தான் சொல்ல வேண்டும். அவர்கள் உவந்து வைத்திருக்கும் பெயரைத் தென்னாப்பிரிக்கச் சட்டத்தைக் காட்டிப் பிடுங்க யாருக்கும் உரிமை இல்லை.

நமக்கும் இதில் பங்கு உண்டு. தமிழில் இந்தச் சொல் காப்பிரி, காப்பிலி என்று வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து டொரொண்டோவுக்கும் லண்டனுக்கும் போன நம்மவர் சிலர், பக்கத்து வீட்டுக் கறுப்பினத்தவரை இன்றும் 'காப்பிலி' என்கிறார்கள். அவருக்குத் தமிழ் விளங்காது என்ற தைரியம். ஆனால் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளங்கும். புத்தளத்து மக்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது அவர்கள் உரிமை; நம் வாயில் அது ஏச்சு. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.