படம் பார்க்கப் போகலாம், வாருங்கள்

உங்கள் வீட்டுச் சுவரைப் பாருங்கள். அதில் ஒரு காலண்டர் தொங்கும். காலண்டரில் முருகன் இருப்பார். அல்லது லட்சுமி இருப்பாள். சில வீடுகளில் ஏசு படம் இருக்கும். சில வீடுகளில் மெக்கா படம் இருக்கும். படமே இல்லாத வீடு நம் தெருவில் உண்டா? தேடித்தான் பார்க்க வேண்டும்.

நமக்குப் படம் பிடிக்கும். ஆனால் "ஓவியக் கண்காட்சிக்குப் போகலாமா?" என்று கேட்டால் தயங்குகிறோம்.

"அது படித்தவர்கள் போகிற இடம்."

"நம்மை உள்ளே விடுவார்களா?"

"அங்கே போய் நமக்கு என்ன புரியும்?"

எங்கள் இரவு வகுப்பில் இப்படித்தான் சொன்னார்கள். அவர்களில் பலர் பெங்களூரிலேயே பிறந்தவர்கள். சிலர் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். கஸ்தூர்பா சாலை வழியாகத் தினமும் பேருந்தில் போகிறார்கள். அங்கே ஒரு பெரிய சிவப்புக் கட்டடம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதுதான் அரசு அருங்காட்சியகம். 1865ஆம் ஆண்டில் தொடங்கியது. அதை ஒட்டியே வெங்கடப்பா ஓவியக் கூடம் இருக்கிறது. ஆனால் உள்ளே போனவர் வகுப்பில் ஒருவர்கூட இல்லை.

இவை அரசு நடத்தும் இடங்கள். அரசுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? நாம் சோப்பு வாங்கினால் வரி கொடுக்கிறோம். செருப்பு வாங்கினாலும் வரி கொடுக்கிறோம். அந்தப் பணமும் இதில் சேர்ந்திருக்கிறது.

சாமி படம் வந்த கதை

ஒரு காலத்தில் எல்லோர் வீட்டிலும் சாமி படம் இல்லை. ஓவியம் அரண்மனையில் இருந்தது. சாமி கோயிலில் இருந்தார். கோயிலுக்குள் போகப் பலருக்கு அனுமதி இல்லை. சாதியைச் சொல்லி வெளியே நிறுத்தினார்கள்.

கேரளத்தில் கிளிமானூர் என்ற ஊரில் 1848இல் ரவிவர்மா பிறந்தார். பெரிய ஓவியர் ஆனார். ராஜாக்கள் அவரைக் கூப்பிட்டுப் படம் வரையச் சொன்னார்கள். மைசூர் மகாராஜாவும் சொன்னார். மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் அவர் வரைந்த படங்கள் உள்ளன.

ஒரு படத்தை வரைய வெகு நாள் ஆகும். அதை ராஜாதான் வாங்க முடியும். ஆகவே ரவிவர்மா 1894இல் மும்பையில் ஓர் அச்சகம் தொடங்கினார். லட்சுமி, சரஸ்வதி படங்களை அச்சடித்தார். அவை ஊர் ஊராகப் போயின. கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர் வீட்டுக்கும் சாமி படம் வந்து சேர்ந்தது.

அன்று எப்படி அச்சடித்தார்கள் தெரியுமா? கல்லில் அச்சடித்தார்கள். வழவழப்பான சுண்ணாம்புக் கல் வேண்டும். அதன் மேல் எண்ணெய்ப் பசை உள்ள மையால் படம் வரைவார்கள். பிறகு கல்லைத் தண்ணீரால் நனைப்பார்கள். எண்ணெய்ப் பசை உள்ள இடத்தில் தண்ணீர் ஒட்டாது. அடுத்து அச்சு மையை உருளையால் தடவுவார்கள். ஈரமான இடத்தில் மை பிடிக்காது. வரைந்த இடத்தில் மட்டும் பிடிக்கும். அதன் மேல் தாளை வைத்து அழுத்துவார்கள். படம் தாளில் இறங்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் வேண்டும். சேலையின் சிவப்புக்கு ஒரு கல், இலையின் பச்சைக்கு வேறொரு கல். தோசைக்கல்லில் எண்ணெயும் தண்ணீரும் சேராமல் ஓடுவதை நாம் பார்த்திருக்கிறோமே, அதே வித்தைதான்.

இப்படிப்பட்ட பழைய அச்சுப் படங்களை இன்று அருங்காட்சியகத்தில் வைத்துப் பாதுகாக்கிறார்கள். கஸ்தூர்பா சாலையில் 2023இல் ஒரு புதிய அருங்காட்சியகம் திறந்தார்கள். கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம் என்று பெயர். இது தனியார் நடத்துவது. வெளியிலிருந்து பார்த்தால் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி போலவே இருக்கும். தீப்பெட்டிப் படம், சினிமா சுவரொட்டி, பழைய விளம்பரம் எல்லாம் இவர்கள் சேமிப்பில் உண்டு. நாம் குப்பையில் போட்டதை இங்கே பத்திரமாக வைத்திருக்கிறார்கள்!

தோலில் செய்த ராமன்

குமார கிருபா சாலையில் கர்நாடக சித்ரகலா பரிஷத் இருக்கிறது. 1960இல் தொடங்கியது. இதைக் கட்டி வளர்த்தவர் எம்.எஸ். நஞ்சுண்ட ராவ். அவர் கிராமம் கிராமமாகத் தோல்பாவைகளைத் தேடிச் சேர்த்தார். அங்கே முதலில் அவற்றைப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

தோல்பாவைக் கூத்து நம் ஊர்ப் பக்கமும் உண்டு. ஆட்டுத் தோலைச் சுத்தம் செய்வார்கள். தோல் கண்ணாடி போல ஆகும்வரை சுரண்டுவார்கள். அதில் ராமனை வரைவார்கள், ராவணனை வரைவார்கள். சாயம் பூசுவார்கள். நகை வரும் இடங்களில் சிறு சிறு ஓட்டை போடுவார்கள். இரவில் திரைக்குப் பின்னால் விளக்கு எரியும். ஓட்டை வழியே வெளிச்சம் வரும். நகை மின்னும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கர்நாடகப் பாவைகளில் எல்லாம் ஒரே அளவு இல்லை. ராஜாவும் சாமியும் பெரிதாக இருப்பார்கள். வேலைக்காரர் சிறிதாக இருப்பார். ஆளின் அந்தஸ்துக்குத் தகுந்தபடி அளவு. செய்தவர்களோ ஊர் ஊராகச் சுற்றிய ஏழைக் கலைஞர்கள்.

அங்கே மைசூர் ஓவியங்களும் உள்ளன. புளியங்குச்சியை எரித்து, அந்தக் கரியால் முதலில் கோடு போடுவார்கள். நகைக்கும் ஆடைக் கரைக்கும் ஒரு பசையைத் தடவி மேடாக்குவார்கள். அதன் மேல் மெல்லிய தங்கத் தகட்டை ஒட்டுவார்கள். தஞ்சாவூர்ப் படமும் இதே குடும்பம்தான். ஆனால் தஞ்சாவூர்ப் படத்தில் மேடு அதிகம், கல்லும் பதிப்பார்கள். மைசூர்ப் படத்தில் மேடு குறைவு. பக்கவாட்டில் நின்று பார்த்தால் நன்றாகத் தெரியும்.

மாறும் கண்காட்சி

சில படங்கள் எப்போதும் அதே இடத்தில் இருக்கும். சில கண்காட்சிகள் ஒரு வாரம் அல்லது ஒரு மாதம் மட்டுமே நடக்கும். இந்த வாரம் என்ன நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாசலில் பலகை வைப்பார்கள். செய்தித்தாளிலும் "இன்றைய நிகழ்ச்சிகள்" என்று போடுவார்கள். தேதியையும் நேரத்தையும் படித்துக்கொள்ளுங்கள்.

அரண்மனை சாலையில் தேசிய நவீனக் கலைக்கூடம் இருக்கிறது. மத்திய அரசு நடத்துகிறது. 2009இல் திறந்தார்கள். பெரிய மரங்கள் சூழ்ந்த பழைய மாளிகை. ஒரு காலத்தில் மாணிக்கவேலு முதலியார் என்ற தமிழ் வணிகர் வாழ்ந்த வீடு. இன்றும் மாணிக்கவேலு மாளிகை என்றே சொல்கிறார்கள்.

இங்கே சில படங்கள் நமக்குப் புரியாது. வெறும் கோடாக இருக்கும். வெறும் நிறமாக இருக்கும். பரவாயில்லை. படித்தவர்களுக்கும் பல சமயம் புரிவதில்லை. அவர்கள் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். பிடித்த படத்தின் முன் நில்லுங்கள். பிடிக்காததைத் தாண்டிப் போங்கள். கிட்டப் போய்ப் பாருங்கள். பத்து அடி தள்ளி வந்தும் பாருங்கள். கையால் மட்டும் தொடாதீர்கள். கையில் வியர்வை இருக்கும். அது நிறத்தைக் கெடுத்துவிடும். சில அறைகளில் வெளிச்சம் குறைவாக இருக்கும். வெயிலில் காய்ந்த சேலை வெளுப்பது போல, அதிக வெளிச்சத்தில் படமும் வெளுக்கும். அதனால்தான் குறைத்து வைக்கிறார்கள்.

ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் ஒரு சிறிய அட்டை இருக்கும். படத்தின் பெயர், வரைந்தவர் பெயர், வரைந்த ஆண்டு இருக்கும். பெரும்பாலும் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதியிருப்பார்கள். தமிழில் இருக்காது. ஆனால் எண்களை நாம் படிக்கலாம். பெயருக்குப் பக்கத்தில் 1848 - 1906 என்று இருந்தால், அது பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும். கழித்துப் பாருங்கள். ரவிவர்மா எத்தனை வயது வாழ்ந்தார்?

சாரம் சரியில்லை

போன வருடம் வகுப்பிலிருந்து ஒன்பது பேர் ஒரு கண்காட்சிக்குப் போனோம். எந்த இடம் என்பது வேண்டாம். வாசலில் காவலர் நிறுத்தினார். "யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கன்னடத்தில் கேட்டார். வேலைக்கு வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார். எங்களோடு ஒரு சித்தாள் அக்கா வந்திருந்தார். அவரும் கன்னடத்திலேயே, "யாரையும் இல்லை அண்ணா, படம் பார்க்க வேண்டும்" என்றார். காவலர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு வழி விட்டார்.

உள்ளே ஒரு பெரிய படம். கட்டடம் கட்டுகிறார்கள். ஆட்கள் சாரத்தில் நிற்கிறார்கள். அக்கா அந்தப் படத்தின் முன்னால் வெகு நேரம் நின்றார். அங்கிருந்து நகரவே இல்லை.

வெளியே வரும் இடத்தில் ஒரு பெரிய நோட்டு இருக்கும். வந்தவர்கள் தங்கள் கருத்தை எழுதலாம். எந்த மொழியிலும் எழுதலாம். அக்கா பேனாவை எடுத்தார். எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதினார். "படம் நல்லா இருக்கு. சாரம் சரியா கட்டலை. ஆள் விழுவான்." கீழே கையெழுத்துப் போட்டார்.

ஓவியர் அங்கேதான் இருந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் அக்காவைப் படத்தின் அருகே கூட்டிப் போனார். குறுக்குக் கழி எங்கே வர வேண்டும், கயிறு எப்படிக் கட்ட வேண்டும் என்று அக்கா விளக்கினார். ஓவியர் ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

நீங்கள் போகும்போது

பெரும்பாலான கூடங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. பழுது பார்க்கும் வேலைக்காகச் சில மாதங்கள் மூடி வைப்பதும் உண்டு. ஆகவே திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். நுழைவுச் சீட்டு எவ்வளவு என்றும் கேளுங்கள். பையை வாசலில் வாங்கி வைப்பார்கள். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. கஸ்தூர்பா சாலைக்கு மெட்ரோவில் வந்தால் கப்பன் பூங்கா நிலையத்தில் இறங்கி நடக்கலாம். 2023 ஜூன் முதல் கர்நாடகத்தில் வசிக்கும் பெண்களுக்கு அரசின் சாதாரணப் பேருந்தில் கட்டணம் இல்லை. அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்.

கூடத்துக்குள் போகக் கூச்சமாக இருந்தால் ஜனவரி மாதம் வரை பொறுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குமார கிருபா சாலையை அடைத்துவிடுவார்கள். அன்று தெரு முழுவதும் படம்தான். சித்ர சந்தே என்று பெயர். சந்தே என்றால் நம் சந்தைதான். 2004 முதல் நடக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியர்கள் பல மாநிலங்களிலிருந்து வந்து நடைபாதையில் கடை போடுகிறார்கள். வாசல் கிடையாது, சீட்டும் கிடையாது. நூறு ரூபாய்க்கும் படம் உண்டு, லட்ச ரூபாய்க்கும் உண்டு. உங்களை எதிரில் உட்கார வைத்து உங்கள் முகத்தை அங்கேயே வரைந்து தருபவர்களும் இருப்பார்கள். உட்காருவதற்கு முன்பே விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.